பழைய படங்கள்: கேள்வி நிற்கிறது, விடை நிற்கிறதா?

(பொம்மசந்திராவில் நடந்த நம் சங்கத்தின் குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



"பழைய படங்கள் இன்றைக்கும் நிற்குமா?" என்பது எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு. கூலி இருக்கிறது, பி.எஃப். இருக்கிறது, ரேஷன் கார்டு இருக்கிறது, வருஷா வருஷம் ஏறுகிற வாடகை இருக்கிறது. இவற்றையெல்லாம் விட்டுவிட்டுச் சங்கக் கூட்டத்தில் சினிமாவைப் பற்றிப் பேசுவதா என்று சிலர் நினைக்கலாம். அவர்களுக்கு என் பதில் இதுதான். தர்மபுரியிலிருந்தும் கிருஷ்ணகிரியிலிருந்தும் திருவண்ணாமலையிலிருந்தும் வந்து இந்த ஓசூர் ரோட்டின் இருபுறமும் பிழைக்கிறோம். நம் பிள்ளைகளில் பலருக்குப் பள்ளிக்கூடத்தில் தமிழ் இல்லை. அவர்களுக்குத் தமிழைக் கொடுத்தது பாதி நம் வீட்டுப் பேச்சு. மீதிப் பாதி சினிமா. தமிழை மட்டுமா கொடுத்தது? நியாயம் எது, அநியாயம் எது, ஆம்பளை எப்படி இருக்க வேண்டும், பொம்பளை எப்படி அடங்க வேண்டும், முதலாளியின் முன்னால் எப்படி நிற்க வேண்டும் என்பதையெல்லாம் அதுதான் கற்றுக் கொடுத்தது. இத்தனை காலம் நமக்கு வாத்தியாராக இருந்த ஒன்றை ஒரு நாளாவது நாம் பரீட்சை எழுத வைக்க வேண்டாமா?

பழைய படம் என்றதும் வீட்டில் இரண்டு கட்சி உருவாகிவிடுகிறது. "அந்தக் காலத்துப் படம் மாதிரி இனிமேல் வருமா?" என்று பெரியவர்கள் பெருமூச்சு விடுகிறார்கள். "எல்லோரும் மேடை நாடகம் மாதிரி கத்துகிறார்கள்" என்று சொல்லிப் பிள்ளைகள் போனில் வேறு பக்கம் தள்ளிவிடுகிறார்கள். இரண்டு பேரும் ருசியை வைத்துத்தான் பேசுகிறார்கள். ருசி ஆளுக்கு ஆள் மாறும். உழைக்கிற நமக்கு வேறு அளவுகோல் வேண்டும். நான் இரண்டே அளவுகோல் வைக்கிறேன். அந்தப் படம் கேட்ட கேள்வி இன்றைக்கும் உயிரோடு இருக்கிறதா? அந்தப் படம் சொன்ன விடை இன்றைக்கு உதவுமா? இந்த இரண்டையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

முதலில் 'பராசக்தி'. 1952 தீபாவளிக்கு வந்த படம். பாவலர் பாலசுந்தரம் எழுதிய நாடகம், கலைஞர் கருணாநிதி வசனம், கிருஷ்ணன்-பஞ்சு இயக்கம், சிவாஜி கணேசனுக்கு முதல் படம். பராசக்தி என்றால் எல்லோருக்கும் கோர்ட்டுக் காட்சிதான் ஞாபகம் வரும். அதை மனப்பாடமாக ஒப்பிக்கிற பெரியவர்கள் இந்தக் கூட்டத்திலேயே இருக்கிறார்கள். ஆனால் அந்தப் படம் யாருடைய கதை? ஊரை விட்டுப் பிழைக்கப் போனவர்களுடைய கதை. நம்முடைய கதை.

மூன்று அண்ணன்மார் ரங்கூனில் இருக்கிறார்கள். தங்கை கல்யாணிக்கு மதுரையில் கல்யாணம். யுத்த காலம். கப்பலில் ஒரே ஒரு டிக்கெட்தான் கிடைக்கிறது. கடைசித் தம்பி குணசேகரன் மட்டும் புறப்படுகிறான். சென்னையில் இறங்கியதுமே கையிலிருந்த பணத்தை ஏமாந்து இழக்கிறான். ஊருக்குப் போகும் முன்பே தங்கை விதவையாகிவிட்டாள். நடு அண்ணன் ஞானசேகரன் குண்டுவீச்சுக்குத் தப்பி வருகிற வழியில் காலை இழந்து பிச்சைக்காரனாகிறான்.

இதில் கற்பனை எவ்வளவு? 1941 டிசம்பரில் ஜப்பான் விமானங்கள் ரங்கூன் மேல் குண்டு போட்டன. அதற்கடுத்த மாதங்களில் லட்சக்கணக்கான இந்தியர்கள் பர்மாவை விட்டு வெளியேறினார்கள். காசுள்ளவனுக்கும் செல்வாக்குள்ளவனுக்கும் கப்பல். கூலிக்காரனுக்குக் காட்டு வழி, மலை வழி. நடந்தே வந்தவர்களில் பல்லாயிரம் பேர் பசியிலும் காய்ச்சலிலும் வழியிலேயே மாண்டார்கள். படம் வந்தபோது அந்தச் சாவுகளுக்குப் பத்து வயதுதான். கொட்டகையில் உட்கார்ந்து பார்த்தவர்களில் அந்த வழியாக நடந்து வந்தவர்களும் இருந்திருப்பார்கள்.

இது பழங்கதை என்று சொல்ல முடியுமா? 2020 மார்ச் 24-ஆம் தேதி இரவு நாடு முழுவதும் ஊரடங்கு அறிவித்தார்கள். வேலை நின்றது, கூலி நின்றது. ஜனங்கள் மூட்டை முடிச்சோடு நெடுஞ்சாலையில் நடந்தார்கள். மே மாதம் தொழிலாளர்களுக்கென்று சிறப்பு ரயில்கள் ஓடத் தொடங்கின. மே 5-ஆம் தேதி கர்நாடக முதலமைச்சர் கட்டடக் கம்பெனிக்காரர்களைச் சந்தித்துப் பேசினார். அன்றைக்கே இங்கிருந்து வெளிமாநிலங்களுக்குப் போகும் ரயில்களை நிறுத்தச் சொல்லி தென்மேற்கு ரயில்வேக்கு அரசாங்கத்திலிருந்து கடிதம் போயிற்று. தொழிலாளி ஊருக்குப் போய்விட்டால் கட்டடம் கட்ட ஆள் ஏது என்பதுதான் கவலை. நாடு முழுவதும் கண்டனம் எழுந்த பிறகு, இரண்டொரு நாளில் அந்த முடிவை மாற்றிக்கொண்டு மறுபடி ரயில் விட்டார்கள்.

ரயில்வேயில் குமாஸ்தா வேலை பார்ப்பவன் என்கிற முறையில் ஒன்று சொல்கிறேன். டிக்கெட்டில் ரூபாய் மட்டும்தான் அச்சாகியிருக்கும். இந்த மனிதன் போகலாமா, இருக்க வேண்டுமா என்பதை வேறு யாரோ வேறு இடத்தில் முடிவு செய்திருப்பார்கள். குணசேகரன் கையிலிருந்த அந்த ஒற்றை டிக்கெட் இன்னும் காலாவதியாகவில்லை, தோழர்களே. ஆகவே பராசக்தி கேட்ட கேள்வி நிற்கிறது.

விடை? அதை நிதானமாகப் பார்க்க வேண்டும். பசியின் கொடுமை தாங்காமல் கல்யாணி தன் குழந்தையை ஆற்றில் வீசுகிறாள். கொலைக் குற்றம். விசாரிக்கிற நீதிபதியோ அவளுடைய மூத்த அண்ணன் சந்திரசேகரன். கடைசியில் அவள் எப்படி விடுதலை ஆகிறாள்? குழந்தை சாகவில்லை, விமலா வந்த படகில் விழுந்து பிழைத்துவிட்டது. பிரிந்த குடும்பம் ஒன்று சேர்கிறது. அநாதைகளுக்கு ஒரு இல்லம் திறக்கிறார்கள். சுபம்.

படகு வராமல் போயிருந்தால்? நீதிபதியாக அண்ணன் இல்லாத கல்யாணிகளுக்கு யார் துணை? குணசேகரன் கோர்ட்டில் சமுதாயத்தையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றினான். அது பெரிய காரியம். 1952-இல் அதைப் பேசியதற்காகப் படத்தையே தடை செய்ய வேண்டும் என்று கூக்குரல் எழுந்தது. ஆனால் குற்றவாளியான அந்தச் சமுதாயத்தை மாற்றுகிற வேலையைப் படம் ஒரு தர்ம காரியத்தோடு முடித்துக்கொண்டது. அந்தக் கதையில் சங்கம் கட்டியவன் ஒரே ஒருவன். யார் தெரியுமா? காலிழந்த ஞானசேகரன். பிச்சைக்காரர்களைச் சேர்த்துச் சங்கம் அமைத்தவன் அவன். நம் கண்ணெல்லாம் குணசேகரன் மேல் இருந்ததால் ஞானசேகரனை நாம் கவனிக்கவே இல்லை. இன்றைக்குப் பார்க்கும்போது அவனைப் பாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அடுத்தது எம்.ஜி.ஆர். படங்கள். இங்கே பலர் முகத்தில் புன்னகை தெரிகிறது. 'படகோட்டி' (1964), 'தொழிலாளி' (1964), 'விவசாயி' (1967), 'ரிக்ஷாக்காரன்' (1971). இந்தப் பெயர்களைப் பாருங்கள். படகு தள்ளுகிறவனும் ரிக்ஷா மிதிக்கிறவனும் போஸ்டரில் கதாநாயகனாக நின்றான். அதற்கு முன்னால் சினிமாவில் அவனுக்கு என்ன வேலை? எஜமானுக்குக் குடை பிடிப்பது அல்லது சிரிப்புக் காட்டுவது. உழைப்பவனுக்கும் மானம் உண்டு என்று பாமர ஜனங்களின் மனத்தில் பதிய வைத்ததில் அந்தப் படங்களுக்குப் பங்கு உண்டு. அதை மறுப்பவன் நியாயஸ்தன் இல்லை. அந்த மானம் இன்றைக்கும் நிற்கும்.

ஆனால் 1965-இல் வந்த 'எங்க வீட்டுப் பிள்ளை'யை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே முகத்தில் இரண்டு பேர். ஒருவன் கோழை; அடி வாங்குகிறான். இன்னொருவன் வீரன், சாட்டையை எடுக்கிறான். சாட்டை சுழன்ற இடத்தில் கொட்டகையே எழுந்து ஆடியது. ஏன் ஆடியது? அடி வாங்குகிற கோழை நாம்தான் என்று நமக்குத் தெரியும். நம் முகத்தோடு நமக்கு பதிலாக ஒருவன் வந்து அடிப்பான் என்பது எவ்வளவு இனிப்பான நினைப்பு!

அந்த இனிப்புதான் நம்மைக் கெடுத்தது. நல்லவன் ஒருவன் வருவான், அதுவரை பொறுத்திருப்போம் என்று அது பழக்கிவிட்டது. அந்தப் படங்களில் ஜனங்கள் எங்கே நிற்கிறார்கள் என்று கவனியுங்கள். நாயகனுக்குப் பின்னால் கும்பலாக நிற்பார்கள். அவன் ஜெயித்ததும் கை தட்டுவார்கள். அவர்களில் ஒருவர் ஒரு யோசனை சொன்னதுண்டா? ஒரு முடிவு எடுத்ததுண்டா?

இப்போது திரையை விட்டு இதே ஓசூர் ரோட்டுக்கு வாருங்கள். 2016 பிப்ரவரியில் மத்திய அரசாங்கம் பி.எஃப். விதியைத் திருத்தியது. முதலாளி கட்டிய பங்கை 58 வயது வரை எடுக்க முடியாது என்றது. கார்மெண்ட்ஸ் வேலை செய்கிற பெண்ணுக்கு அந்தப் பணம்தான் மகள் கல்யாணம், அதுதான் ஆஸ்பத்திரிச் செலவு, அதுதான் வட்டிக்காரனிடமிருந்து விடுதலை. ஏப்ரல் 18-ஆம் தேதி பொம்மனஹள்ளியில் ஆயிரக்கணக்கான பெண்கள் தையல் மெஷினை விட்டு எழுந்து ரோட்டுக்கு வந்தார்கள். பெங்களூரின் மற்றப் பகுதிகளுக்கும் அது பரவியது. தடியடி நடந்தது, கண்ணீர்ப் புகை வந்தது. மறுநாளும் வந்தார்கள். ஏப்ரல் 19-ஆம் தேதி மத்திய அரசாங்கம் அந்தத் திருத்தத்தை வாபஸ் வாங்கியது.

இரண்டே நாள்! அந்தக் கூட்டத்துக்கு முன்னால் எந்த நாயகன் நின்றான்? எவன் சாட்டை எடுத்தான்? கன்னடத்திலும் தமிழிலும் தெலுங்கிலும் பேசுகிற பெண்கள், ஒருவர் பேரை ஒருவர் அறியாதவர்கள், மத்தியானச் சாப்பாட்டுப் பையோடு வந்து நின்றார்கள். நம் வீட்டுப் பெண்கள் போகிற அதே ரோடு அது. இதைப் பார்த்த பிறகும் சாட்டைக்காக ஒருவன் வருவான் என்று காத்திருந்தால், நாம் சினிமாவைப் பார்த்த அளவுக்குக்கூட நம் ரோட்டைப் பார்க்கவில்லை என்றுதான் அர்த்தம்.

தாய்மார்களே, இப்போது உங்கள் பக்கத்துக்கு வருகிறேன். பழைய படங்கள் பெரிதும் தோற்றுப் போகிற இடம் இதுதான். 1972-இல் 'பட்டிக்காடா பட்டணமா' வந்தது. அந்த ஆண்டின் சிறந்த தமிழ்ப் படம் என்று தேசிய விருது வாங்கியது. படித்த, பட்டணத்து மனைவியைக் கிராமத்துப் புருஷன் வழிக்குக் கொண்டுவருகிற கதை. சிவாஜியும் ஜெயலலிதாவும் நடித்தார்கள். இன்றைக்கு அந்தப் படத்தைக் குடும்பத்தோடு உட்கார்ந்து பாருங்கள். ஆனால் படத்தை மட்டும் பார்க்காதீர்கள். யார் எந்த இடத்தில் சிரிக்கிறார்கள் என்று பாருங்கள். அவள் அடங்குகிற இடத்தில் ஆண்கள் சிரிப்பார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மகள், டிப்ளமா படித்து எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலைக்குப் போகிறவள், சிரிக்க மாட்டாள். அந்தப் படம் நிற்குமா என்பதற்கு அவள் முகம்தான் பதில்.

அதே காலத்தில் வேறு படமும் வந்தது. 1974-இல் பாலசந்தரின் 'அவள் ஒரு தொடர்கதை'. அப்பா சாமியாராகப் போய்விட்டார். அண்ணன் குடிகாரன். விதவைத் தங்கை, அண்ணி, குழந்தைகள், அம்மா என்று மொத்தக் குடும்பமும் ஒருத்தியின் சம்பளத்தில் சாப்பிடுகிறது. சுஜாதா நடித்த அந்தக் கவிதாவை நான் பொம்மசந்திராவில் தினமும் பார்க்கிறேன். காலையில் கம்பெனி வேனுக்கு ஓடுகிறவள் அவள். 1983-இல் பாலசந்தரே இந்தக் கதையைக் கன்னடத்தில் சுஹாசினியை வைத்து 'பெங்கியல்லி அரளித ஹூவு' என்று எடுத்தார். கன்னட வீட்டிலும் அதே கவிதா இருக்கிறாள் என்பதுதானே இதற்கு அர்த்தம்?

அந்தப் படத்தின் கேள்வி அப்படியே நிற்கிறது. ஒருத்தியின் உழைப்பில் எத்தனை பேர் எத்தனை காலம் சாப்பிடுவது? விடை என்ன? கல்யாணம் கைகூடும் நேரத்தில் அண்ணன் சாகிறான். அவள் மறுபடி வேலைக்குக் கிளம்புகிறாள். நாம் கண்ணைத் துடைத்துக்கொண்டு "தியாகி" என்கிறோம். தியாகி என்று பட்டம் கொடுத்துவிட்டால் அவள் சம்பளத்தில் கூச்சமில்லாமல் சாப்பிடலாம் அல்லவா? குடிக்கிற அண்ணனைத் திருத்துவது யார் பொறுப்பு, குழந்தைக் காப்பகம் யார் பொறுப்பு, அவளுக்கு நியாயமான கூலி யார் பொறுப்பு என்று அந்தப் படம் கேட்கவில்லை. நாம் கேட்க வேண்டும்.

துரை எடுத்த 'பசி' (1979) வேறு ரகம். சென்னைக் குடிசையில் குப்பை பொறுக்கிப் பிழைக்கிற பெண்ணின் கதை. அதில் நடித்த ஷோபாவுக்குச் சிறந்த நடிகைக்கான தேசிய விருது கிடைத்தது. அந்தப் படம் இனிப்பான விடை எதையும் கொடுக்கவில்லை. அதனாலேயே இன்றைக்கும் பழசாகாமல் இருக்கிறது என்பது என் கருத்து. தெரியாத விடையைத் தெரிந்ததுபோல் சொல்லாத யோக்கியதை அதற்கு இருந்தது.

விடையையும் சொல்ல முயன்ற ஒரு படம் உண்டு. 1960-இல் வந்த 'பாதை தெரியுது பார்'. இயக்கியவர் நிமாய் கோஷ். வங்காளத்துக்காரர், பிரிவினையால் வேரோடு பிடுங்கப்பட்ட அகதிகளைப் பற்றி 'சின்னமூல்' என்ற படத்தை எடுத்துவிட்டுச் சென்னைக்குப் பிழைக்க வந்தவர். அவரும் நம்மைப்போல் ஊர் விட்டு ஊர் வந்தவர்தான். இசை எம்.பி. சீனிவாசன். ஜெயகாந்தனும் கே.சி.எஸ். அருணாசலமும் பாட்டெழுதினார்கள். முற்போக்கு எண்ணம் கொண்டவர்கள் சேர்ந்து, தொழிலாளர் ஒற்றுமையைச் சொல்ல எடுத்த படம். மத்திய அரசின் நற்சான்றிதழும் பெற்றது. வசூலில் தோற்றது. பாட்டுகள் மட்டும் வானொலியில் தப்பிப் பிழைத்தன. அந்தப் பாட்டுகளைக் கேட்டிருக்கிற நம்மில் எத்தனை பேர் படத்தைப் பார்த்திருக்கிறோம்? காலத்துக்கு நிற்பது என்பது படத்தின் தரம் மட்டும் இல்லை. எதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் காட்டுகிறார்கள் என்பதையும் பொறுத்தது. சாட்டை சுழலும் படம் மாதம் ஒருமுறை டி.வி.யில் வரும். சங்கம் சேரும் படம் வராது.

ஆனால் அந்த மனிதர்கள் திரையோடு நிற்கவில்லை. வாத்தியம் வாசிக்கிறவனுக்கு ஒழுங்கான கூலி இல்லாத காலத்தில் எம்.பி. சீனிவாசன் சினிமா இசைக் கலைஞர்களுக்குச் சங்கம் கட்டினார். நிமாய் கோஷ் தொழில்நுட்பக் கலைஞர்களைச் சங்கமாகத் திரட்டப் பாடுபட்டார். திரையில் ஓடாத விடை ஸ்டூடியோ வாசலில் ஓடியது. சினிமாவும் ஒரு தொழிற்சாலைதான். அங்கேயும் லைட் தூக்குகிறவன் இருக்கிறான், கூலி கேட்கிறவன் இருக்கிறான் என்பதை நாம் மறக்கக் கூடாது.

கடைசியாக, இந்த ஊரில் இருந்துகொண்டு பேசும்போது சொல்லியே தீர வேண்டிய ஒன்று. பராசக்தியில் விமலாவாக வந்து கல்யாணியின் குழந்தையைக் காப்பாற்றியவர் யார்? பண்டரிபாய். கன்னட நாட்டுக்காரர். 1954-இல் 'பேடர கண்ணப்பா'வில் ராஜ்குமார் கதாநாயகனாக அறிமுகமானபோது அவருக்கு ஜோடியாக நடித்தவரும் பண்டரிபாய்தான். 'எங்க வீட்டுப் பிள்ளை'யின் கதாநாயகி சரோஜாதேவி பெங்களூரில் பிறந்தவர். 2025 ஜூலையில் இதே ஊரில்தான் காலமானார். 'வீரபாண்டிய கட்டபொம்மன்' (1959), 'கப்பலோட்டிய தமிழன்' (1961) இரண்டையும் எடுத்த பி.ஆர். பந்துலு கோலார் மாவட்டத்தில் பிறந்தவர். கப்பலோட்டிய தமிழன் வந்த அதே 1961-இல் அவர் கன்னடத்தில் 'கித்தூர் சென்னம்மா'வையும் எடுத்தார். அந்தக் காலத்துக் கன்னடப் படங்கள் பலவும் சென்னை ஸ்டூடியோக்களில்தான் உருவாயின. தமிழ் வீரம் என்று நாம் மார் தட்டுகிற படத்தில் கன்னட மண்ணின் வியர்வை இருக்கிறது. அவர்கள் பெருமைப்படுகிற படத்தில் தமிழ் லைட்பாயின் வியர்வை இருக்கிறது.

1991 டிசம்பரில் காவிரியின் பேரால் இந்த நகரத்தில் நடந்த கொடுமையைக் கண்ட பெரியவர்கள் இங்கே இருக்கிறார்கள். 2016 செப்டம்பரில் லாரிகளும் பஸ்களும் எரிந்ததைப் பிள்ளைகளும் பார்த்தார்கள். ஒன்றை நினைத்துப் பாருங்கள். அதே 2016-இல், ஐந்து மாதங்களுக்கு முன்னால்தான் தமிழ்ப் பெண்ணும் கன்னடப் பெண்ணும் தோளோடு தோள் நின்று பி.எஃப். பணத்தை மீட்டார்கள். ஏப்ரல் எந்த மாதிரி, செப்டம்பர் எந்த மாதிரி? எந்த மாதம் நமக்குச் சோறு போட்டது? இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டியது நம் கடமை.

ஆகவே நிர்வாகக் குழுவுக்கு ஒரு யோசனை வைத்து முடிக்கிறேன். மெட்ரோ ரயில் 2025 ஆகஸ்டில் பொம்மசந்திரா வரைக்கும் வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை ஆனால் பிள்ளைகள் மால் பக்கம் ஓடிவிடுகிறார்கள். மாதத்தில் ஒரே ஒரு ஞாயிறு இந்த மன்றத்தில் ஒரு பழைய படம் போடுவோம். ஒரு மாதம் தமிழ், ஒரு மாதம் கன்னடம். பக்கத்து வீட்டுக் கன்னடக் குடும்பத்தையும் கூப்பிடுவோம். படம் முடிந்ததும் கலைந்து போகாமல் அரை மணி நேரம் உட்கார்ந்து பேசுவோம். முதலில் பெண்கள் பேசட்டும், பிறகு பிள்ளைகள் பேசட்டும், நாங்கள் கடைசியில் பேசுகிறோம். மூன்று கேள்வி போதும். இந்தப் படம் என்ன கேட்டது? யார் கையில் விடையைக் கொடுத்தது? அந்த விடை நம் லைனில், நம் கம்பெனியில் நடக்குமா?

முதல் படமாகப் 'பராசக்தி'யையே வைத்துக்கொள்ளலாம். கோர்ட்டுக் காட்சியில் கை தட்டுகிறவர்கள் தாராளமாகத் தட்டுங்கள், நானும் தட்டுவேன். தட்டிய கையோடு, ஒப்பந்தத் தொழிலாளர் பட்டியலில் இன்னும் பேர் சேர்க்காதவர்கள் வாசலில் இருக்கும் நோட்டில் பேரை எழுதிவிட்டுப் போங்கள்.